மாட்டுத்தாவணி பத்தே நிமிஷம்

குபேரலட்சுமி நகர்லருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு எம்புட்டுத் தூரம்னு என்கிட்டக் கேக்காதீங்க, இன்னைக்கு அங்க வீடு என்ன விலை போகுதுன்னு கேளுங்க, விலை தெரிஞ்சாத் தூரம் தெரிஞ்சுரும். நான் சோணைமுத்து, முப்பது வருசமா வீடு, மனை புரோக்கர். மேலூர் ரோட்டுலருந்து உள்ள திரும்பி, கல்குவாரியத் தாண்டி, கருவேலங்காட்டத் தாண்டி, இனிமே ஊரே கெடையாதுன்னு நெனைக்கிற எடத்துல இருக்கு அந்த நகர். மூணு தெரு, அறுபத்திரண்டு வீடு, அதுல ஒன்னு என்னோடது, ஒரு தண்ணித் தொட்டி, ஒரு டீக்கடை. குபேரனும் இல்ல, லட்சுமியும் இல்ல, பேரு மட்டும் இருக்கு. மனை போட்ட புதுசுல முகப்புல போர்டு எழுதி வச்சது நான்தான்: "மாட்டுத்தாவணி பத்தே நிமிஷம்." பத்து நிமிஷத்துல ஹெலிகாப்டர்ல வேணாப் போகலாம். இந்தத் தொழில்ல நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம், வாங்க வர்றவங்களும் அதை ஆறால பெருக்கித்தான் வாசிப்பாங்க, அதுல யாருக்கும் யார் மேலயும் வருத்தம் கெடையாது.

அந்தப் போர்டு ஒருநா நெசமாகும்னு நான் கண்டனா?

ஒரு தை மாசம், அந்தப் பக்கம் பெரிய கம்பெனி ஒன்னு வரப்போகுதுன்னு பேச்சு கெளம்பி, ஒரே வாரத்துல வீட்டு விலையெல்லாம் ரெண்டு மடங்காச்சு. அந்தத் திங்கக்கெழமை, எங்க நலச்சங்கச் செயலாளர் ஞானப்பிரகாசம் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எப்பவும் போல ஒம்போது மணி பஸ்ஸுல ஏறி, எப்பவும் போல பேப்பரைப் பிரிச்சு, மொதப் பக்கத்தை முடிச்சு ரெண்டாம் பக்கம் திருப்புறதுக்குள்ள, கண்டக்டர் "மாட்டுத்தாவணி எல்லாம் எறங்கு"ன்னு கத்திட்டான். சார் கைக்கடிகாரத்தைப் பாத்தா ஒம்போது பத்து. அவரு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கடிகாரத்தைச் சரிபாக்காம ரோட்டைக் குத்தம் சொல்றவரு இல்ல அவரு. மறுநாளும் ஒம்போது பத்து, அதுக்கு மறுநாளும் ஒம்போது பத்து. நாலாம் நாள்தான் டீக்கடையில மெதுவா, "ஏம்ப்பா, உங்களுக்கும் அப்படித்தானா?"ன்னு கேட்டாரு. எல்லாருக்கும் அப்படித்தான்.

மாசி கடைசியில அந்தக் கம்பெனி வேற ஜில்லாவுக்குப் போயிருச்சுன்னு சேதி வந்து, விலை பொத்துன்னு விழுந்துச்சு. அதே பஸ், அதே டிரைவர், அதே வேகம், பஞ்சர் இல்ல, மறியல் இல்ல, மாட்டுத்தாவணி போய்ச் சேர மூணு மணி நேரம். ரோட்டோரப் புளியமரம் கூடிப்போச்சு, அம்புட்டுதான் விசயம். விலை ஏறுன அன்னைக்கு டீக்கடையில நின்னு பாத்தா நாலு மரம், அதுக்கப்புறம் மதுரை. விலை எறங்குன அன்னைக்கு நானூறு மரம், அதுக்கப்புறமும் மரம். நடுவுல இருக்குற ஊர்க்காரங்களைக் கேட்டா, "எங்களுக்கு எப்பவும் போலத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு எருமையக் குளிப்பாட்டப் போயிருவாங்க. அளக்கறதுக்குச் சர்வே ஆபீசுலருந்து நாலு பேரு டேப்பும் கம்பும் எடுத்துக்கிட்டு வந்தாங்க, எந்த நாள்ல அளந்தாலும் இருபத்திரண்டு கிலோமீட்டர்தான் வந்துச்சு. தூரம் சரியாத்தான் இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் காலையில கெளம்புனவங்க, வீடு போய்ச் சேந்தப்போ சாயங்காலம் விளக்கு வச்சிருந்தாங்க. அப்புறம் அவங்க வரவே இல்ல.

சரி, அதுக்காக மனுசன் பொழைக்காம இருக்க முடியுமா? டீக்கடை பேச்சியக்கா பாய்லருக்கு மேல ஒரு சிலேட்டை மாட்டி, விடிஞ்சதும் மரத்தை எண்ணி அன்னைக்கு எத்தனை நிமிஷம்னு எழுத ஆரம்பிச்சா. காலையில ஒருத்தரை ஒருத்தர் பாத்தா "சாப்ட்டாச்சா"ங்கறது போய் "இன்னைக்கு எத்தனை?"ன்னு ஆச்சு. பொண்ணு பாக்க வர்றவங்களை விலை ஏறுன நாளாப் பாத்து வரச் சொன்னாங்க. கல்யாணப் பத்திரிகையில "தங்கள் வரவை நல்வரவாக்கும்"கறதுக்குக் கீழ "பயண நேரம் அன்றைய விலைக்கு உட்பட்டது"ன்னு பொடி எழுத்துல அடிச்சாங்க. கூரியர்காரப் பயலுக விலை எறங்குன நாள்ல "டோர் லாக்"னு பொய் எழுதிட்டுத் திரும்பிப் போனாங்க.

அப்புறம்தான் ஞாயித்துக்கெழமை வழக்கம் வந்துச்சு. மொதல்ல ஆரு ஆரம்பிச்சதுன்னு தெரியல, இப்ப கேட்டா அறுபத்திரண்டு வீட்டுக்காரங்களும் நான்தான்கறாங்க. ஞாயித்துக்கெழமை காலையில குளிச்சு, நல்ல சட்டை, பட்டுச் சேலை எடுத்துக் கட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போயி வீடு வாங்க வந்தவங்க மாதிரி நடிக்கணும். தெனம் பாக்குற வீடு, தெனம் ஓசிக்கறிவேப்பில பறிக்கிற வீடு, இருந்தாலும் செவுத்தைத் தட்டிப் பாத்து, "இது எத்தனை இஞ்ச் செவுரு? தண்ணி உப்பா? தாய்ப்பத்திரம் இருக்கா? வில்லங்கம் ஏதும் இல்லையே?"ன்னு கேக்கணும். வீட்டுக்காரன் நாப்பது லட்சம்பான், வந்தவன் முப்பத்தெட்டுக்குக் குடுங்கம்பான், காப்பி குடிச்சிட்டு "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேங்க"ன்னு வந்துருவான். அம்புட்டுப் பேரும் அம்புட்டு வீட்டையும் கேட்டா விலை கொஞ்சம் அசையும், திங்கக்கெழமை ஆபீசுக்குப் போறவங்களுக்கு இருபது முப்பது மரம் கொறையும். எனக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும். எவன் நெசமா வாங்க வந்தவன், எவன் நடிக்கிறவன்னு தெரியாம ரெண்டு தடவ பேச்சியக்காவுக்கே அவ வீட்டைச் சுத்திக் காட்டியிருக்கேன்.

இந்த நேரத்துலதான் பாண்டீஸ்வரி வந்தா. மதுரையில ஜவுளிக்கடையில சேலை விரிச்சுப் போடுற வேலை, பகல் பூராம் நின்ன கால். புருசன் தவமணி லேத் பட்டறையில நல்ல கைக்காரன், கிட்னி ரெண்டும் போயி, வாரத்துக்கு மூணு நா, செவ்வாய், வியாழன், சனி, டவுன் ஆஸ்பத்திரியில மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டாத்தான் உசுரு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே வாடகைக்கு இருந்தாங்க. "ஆம்புலன்ஸ் வந்து நின்னா மத்தக் குடித்தனக்காரங்க பயப்படுறாங்க, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க"ன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. இது அவளுக்கு மூணாவது வீட்டுக்காரர். இனிமே எவனும் காலி பண்ணச் சொல்லாத ஒரு வாசப்படி வேணும், அந்த வாசப்படியிலருந்து ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கணும். அவ கேட்டது இந்த ரெண்டுதான்.

எனக்குத் தெரிஞ்சு ஏரியா பாக்குறதுன்னா ஜனங்க ரோடு பாப்பாங்க, ஸ்கூல் பாப்பாங்க, மழையில தண்ணி நிக்குமான்னு பாப்பாங்க. இவ தண்ணி கேட்டுப் பாப்பா. முன்னப்பின்ன தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, ஒரு சொம்புத் தண்ணி தர்றீங்களா?" பத்தொம்போது ஏரியாவுல கேட்டிருக்கா. ஒரு எடத்துல, தண்ணிக்கு முன்னாடி "நீங்க என்ன ஆளுக?"ன்னு கேட்டாங்களாம். ஒரு எடத்துல தூக்கிப் போடுற கிளாஸுல வந்துச்சாம். ஒரு எடத்துல கதவே தொறக்கல, செவுத்துல இருக்குற பொட்டியிலருந்து "யாரு வேணும்?"னு மட்டும் கேட்டுச்சாம். எங்க நகர்ல அவ தட்டுனது பேச்சியக்கா வீடு. அக்கா தான் குடிக்கிற சொம்புல மொண்டு குடுத்துட்டு, "உப்புத் தண்ணிதான் ஆத்தா, பழகிக்கிருவியா?"ன்னு கேட்டா. பாண்டீஸ்வரி மடமடன்னு குடிச்சுட்டு என்னையப் பாத்து, "அண்ணே, இங்கயே பாருங்க"ன்னுட்டா.

பாக்குறது எப்படின்னுதான் எனக்கு விளங்கல. ரெண்டாம் தெருவுல கடைசி வீடு, ஒரு ரூமு, ஒரு ஹால், வெளிநாடு போனவன் கட்டிப் போட்டது. அவ மொத தடவ வந்தப்போ அதோட விலை நாப்பது, ஆஸ்பத்திரி பன்னெண்டு நிமிஷம். அவகிட்ட நகையும், சேத்ததும், பேங்குல தர்றேன்னதும் எல்லாம் சேத்துப் பதினெட்டு. அடுத்த தடவ வந்தப்போ விலை இறங்கிப் பதினெட்டுக்கே வந்துருச்சு, ஆஸ்பத்திரி மூணு மணி நேரம். அவளால வாங்க முடியிற அன்னைக்கு அது தூரம், கிட்டக்க இருக்குற அன்னைக்கு அவளால வாங்க முடியாது. அவ பஸ்ஸை விட்டு எறங்கி, மரத்தையும் சிலேட்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "அண்ணே, நான் பதினெட்டுக்கு வாங்குனா எந்தத் தூரத்துக்கு வாங்குறேன்? இந்தத் தூரத்துக்கா, அந்தத் தூரத்துக்கா?"ன்னு கேட்டா. எந்தக் கேள்விக்கும் பதில் வச்சிருக்கிற வாய் இது. மயானத்துக்குப் பக்கத்து மனையைக்கூட "அமைதியான சூழல்"னு வித்தவன் நான். அன்னைக்குச் சிலேட்டுல இருந்ததை மறுபடி வாசிச்சுக் காட்டுனேன், அம்புட்டுதான்.

தவமணிதான் முடிவெடுத்தான். வேப்பமரத்தடியில உக்காந்திருந்தவன், "ஏறுறது எறங்கும், எறங்குனது ஏறும், நான் அதுக்குள்ள செத்துற மாட்டேன், வாங்கு பாண்டி"ன்னான். அவ அவனை மொறைச்சா, அவன் சிரிச்சான். அடுத்த வாரம் பத்திரம் முடிஞ்சு பால் காச்சுனாங்க. அன்னைக்கு இருநூறு நிமிஷம். சொந்தக்காரங்க வந்து சேர்றதுக்குள்ள பால் ஆறி, மறுபடி காச்சி, மறுபடி ஆறி, மூணாந்தடவ காச்சுனதைத்தான் குடிச்சாங்க.

விலை ஏறல. ஏறும் ஏறும்னு நானும் சொன்னேன், எல்லாரும் சொன்னாங்க, அது பாட்டுக்கு எறங்கிக்கிட்டே இருந்துச்சு. செவ்வாய், வியாழன், சனி, கோழி கூப்புடும்போதே ரெண்டு பேரும் மொத பஸ்ஸைப் புடிப்பாங்க. அப்ப ஒன்னு நடந்துச்சு. ஞாயித்துக்கெழமை மட்டும் வீடு பாத்துக்கிட்டிருந்த எங்காளுக, திங்கக்கெழமை, புதன்கெழமை, வெள்ளிக்கெழமை சாயங்காலமும் நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு வீடு பாக்கக் கெளம்பிட்டாங்க. ஒருத்தர் ஒருத்தர்கிட்டச் சொல்லிக்கல, சங்கத்துல தீர்மானம் போடல. பாண்டீஸ்வரிக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது. "இந்த ஊர்க்காரங்களுக்கு இருந்தாலும் இம்புட்டு வீட்டாசை ஆகாதுண்ணே"ன்னு என்கிட்டச் சொல்லுவா. தனக்காகத்தான் நடிக்கிறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்குச் சமையக்கட்டுல கதவைச் சாத்திக்கிட்டு ரொம்ப நேரம் அழுதிருக்கா.

கொஞ்ச நாள் அதுக்கு மரம் நகர்ந்துச்சு. அப்புறம் நகரல. எத்தனை நாளைக்குத்தான் வாங்காதவன் கேக்குற விலைய விலைன்னு நம்பும் அது? ஞானப்பிரகாசம் சார் பேச்சியக்கா வீட்டை எழுவதுக்குக் கேட்டாரு, தொண்ணூறுக்குக் கேட்டாரு, சிலேட்டுல ஒரு நிமிஷம் கொறையல. ஒரு செவ்வாக்கெழமை பஸ்ஸு நாலரை மணி நேரம் ஓடி, இவங்க போனப்போ மெஷின் வேற ஆளுக்குப் போயிருந்துச்சு. திரும்பி வந்ததும் பாண்டீஸ்வரி நேரா என்கிட்ட வந்து, கண்ணெல்லாம் செவந்து போயி, "வித்துக் குடுத்துருங்கண்ணே, போனது போகட்டும், வாடகைக்கே போறோம்"னா. நான் தலைய ஆட்டுனேன், வேற என்னத்தச் செய்ய? மறுநாளே மெட்ராஸ்லருந்து ஒரு ஆள் காருல வந்தாரு. நெசமாவே வாங்குற ஆள்.

அவரு வந்தப்போ பகல் பதினோரு மணி. நான் அவருக்கு ஹாலைக் காட்டிக்கிட்டிருக்கேன், ரூமுக்குள்ள தவமணிக்கு மூச்சு வாங்குது. மொதல்ல இருமுனான், அப்புறம் எழுந்து உக்காந்தான், அப்புறம் பேச முடியல, கையைக் காத்துல அலையவிட்டான். முறை தவறுனதுல ஒடம்புல தண்ணி ஏறிப் போச்சு. மொகம் சாம்பலாட்டம் ஆயிருச்சு. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுனா, "வண்டி வந்துக்கிட்டுத்தான் இருக்கு சார், ஆனா மரமா வருது"ங்கறான் டிரைவர். சிலேட்டுல இருநூத்தம்பது நிமிஷம், மெட்ராஸ்காரர் காருல ஏத்துனாலும் அதே இருநூத்தம்பதுதான். நானும் அவரும் தவமணியத் தூக்கி வாசப்படியில உக்கார வச்சோம். பாண்டீஸ்வரி அவன் பின்னாடி உக்காந்து தன் மேல சாச்சுக்கிட்டா. "அண்ணே என்ன செய்யிறது, அண்ணே என்ன செய்யிறது"ன்னு என்னையவே கேட்டா.

ஞானப்பிரகாசம் சார்தான் மொத ஆளாக் கத்துனாரு. முப்பத்தஞ்சு வருசம் வகுப்புல கொரலை ஒசத்தாத மனுசன், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தெரு நடுவுல நின்னு, "பேச்சியம்மா! உன் வீட்டை நூறுக்குக் கேக்குறேன்!"னாரு. பேச்சியக்கா டீக்கடையிலருந்து, "தரமாட்டேன் சார், நூத்திருவதுன்னாப் பேசுங்க!"ன்னு கத்துனா. அவ்வளவுதான், மத்த அறுபத்தோரு வீட்டுக் கதவும் தொறந்துச்சு. கைலியோட, மாவுக் கையோட, சோப்பு நொரையோட, எல்லாரும் தெருவுக்கு வந்து, நான் உன் வீட்டைக் கேக்குறேன், நீ என் வீட்டைக் கேளு, அவரு எங்க வீட்டைக் கேக்கட்டும்னு, நூறு நூத்தம்பது எரநூறுன்னு, தொண்டை கிழியக் கத்துறாங்க. பேச்சியக்கா ஒத்தைக் கையைக் கண்ணுக்கு மேல வச்சு ரோட்டைப் பாத்துக்கிட்டு, "கொறையுதுடா! நானூறு மரம் இருந்தது முந்நூறாச்சு! எரநூறு! இன்னும் கத்துங்கடா!"ங்கறா. அறுவது மரத்துல வந்து அது நின்னுருச்சு. எம்புட்டுக் கத்தியும் அதுக்குமேல ஒரு மரம் போகல. எங்ககிட்ட அதுக்குமேல பொய்யும் இல்ல.

மெட்ராஸ்காரருக்கு என்ன நடக்குதுன்னே புரியல. ஆனா ஒரு தெரு பூராம் இப்படி விலைக்கு அடிச்சுக்கிட்டா எந்த மனுசனுக்கும் கை பரபரக்கும். அவரு குனிஞ்சு பாண்டீஸ்வரிகிட்ட, "அம்மா, நான் அம்பது தர்றேன், இப்பவே, இந்த எடத்துலயே"ன்னாரு. அது நெசமான துட்டு. ரோட்டுல இருபது மரம் ஒரேயடியாப் போச்சு, நானே பாத்தேன். பாண்டீஸ்வரி நிமிந்து பாத்தா. பதினெட்டுக்கு வாங்குனது, அம்பது. அதுல ஆஸ்பத்திரி வாசல்லயே வீடு வாங்கலாம், ஆனா அதை வாங்கறதுக்கு நாளாகும், அவ மடியில இருக்கறவனுக்கு நிமிஷம்தான் இருக்கு. அவ அப்படியெல்லாம் யோசிச்சாளான்னு எனக்குத் தெரியாது. "தரமாட்டேன்"னா.

"அறுவது."

"தரமாட்டேன்."

"சரி, நீங்களே ஒரு விலை சொல்லுங்க. எல்லா வீட்டுக்கும் ஒரு விலை இருக்கும்ல?"

"இதுக்கு இல்ல," அப்படின்னா. தவமணி தலைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா. "நீ எம்புட்டுக் குடுத்தாலும் இல்ல. இது எங்க வீடு. இந்த வாசப்படிய நான் ஒருத்தனுக்கும் தரமாட்டேன். போய்யா அங்கிட்டு!"

மரம் ஒன்னுகூட இல்ல. அவ வாசலுக்கு எதிர்ல, டிரான்ஸ்பார்மரும் கருவேலம்புதரும் இருந்த எடத்துல, ஆஸ்பத்திரியோட அவசரப் பிரிவு வாசல் இருந்துச்சு. உருட்டுக் கட்டிலைப் புடிச்சுக்கிட்டு நின்ன ஆள் வெத்தலையத் துப்பிட்டு, "கேஸ் எங்கருந்து வருது?"ன்னு கேட்டான்.

"எதிர்த்த வீடு"ன்னா பாண்டீஸ்வரி.

தவமணி பொழைச்சுக்கிட்டான். மறுநாள் எல்லாரும் போய்ப் பாத்தா, மத்த அறுபத்தோரு வீட்டுக்கும் எப்பவும் போல அன்னைய விலைக்கு அன்னையத் தூரம், அவ வாசப்படிக்கு மட்டும் எதிர்லயே ஆஸ்பத்திரி. விலை இல்லாத எடத்துக்குத் தூரம் எங்கருந்து வரும்னு ஞானப்பிரகாசம் சார் கரும்பலகை இல்லாமலே பாடம் நடத்துனாரு, எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது மண்டையில ஏறல. வாரம் மூணு நா தவமணி தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, ரப்பர் செருப்போட எதிர்ல போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவான். நகர்ல யாருக்கு ஒடம்பு சரியில்லன்னாலும் அவ வீட்டுப் பின்வாசல் வழியா நுழைஞ்சு, அடுப்பங்கரையத் தாண்டி, ஹாலைத் தாண்டி, முன்வாசப்படிய மிதிச்சு எறங்குனா ஆஸ்பத்திரி. பேச்சியக்கா சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாத்தப் போறது அப்படித்தான், சாரோட சம்சாரம் நெஞ்சு வலிக்குப் போறது அப்படித்தான், ரெண்டு வருசத்துல ஏழு பிள்ளைக அந்த வழியாத்தான் வீட்டுக்கு வந்துச்சு. பாண்டீஸ்வரி பின்கதவுக்குத் தாப்பாளே போடறதில்ல. கொழம்பு கொதிச்சுக்கிட்டிருக்கும், நடுவுல ஒரு ஸ்ட்ரெச்சர் போகும்.

போன ஆவணியில தவமணி போயிட்டான். தூக்கத்துலயே, நோகாம. அவன் வாசல்லருந்தே அவனைத் தூக்குனோம், எந்த வீட்டுக்காரரும் வந்து சீக்கிரம் சீக்கிரம்னு நிக்கல.

முப்பதாம் நாள் காரியம் கழிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும், பாண்டீஸ்வரி ஆள் விட்டுக் கூப்புட்டா. போனேன். காப்பி குடுத்தா. மொகம் வத்திப் போயிருந்துச்சு.

"அண்ணே, காலையில கதவைத் தொறந்தா எதிர்ல அந்த ஆஸ்பத்திரிதான் நிக்குது. அவரு துண்டைப் போட்டுக்கிட்டு வர்ற மாதிரியே இருக்கு. என்னால முடியலண்ணே. தேனியில அக்கா வீட்டுப் பக்கம் போயிரலாம்னு இருக்கேன். இந்த வீடு என்ன விலை போகும்?"

அவ கேட்டது ஞாயமான கேள்வி. அவ வீடு, அவ வாசப்படி, அவ பட்ட பாடு. எனக்கு விலையும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த வீடு, வாயைத் தொறந்து ஒரு நம்பரைச் சொன்னாப் போதும், நாளைக்கே பத்துப் பேரு வருவான், நான் முப்பது வருசத்துல பாக்காத கமிஷனும் வரும். அந்த நம்பரைச் சொன்ன நிமிஷம் எதிர்ல மரம் மொளைக்கும், நாலோ நாப்பதோ நானூறோ.

"தெரியல தாயி"ன்னேன்.

"ஒங்களுக்கா தெரியாது?"

"நெசமாத்தான் சொல்றேன். இதுக்கு மதிப்புப் போட எனக்குத் தெரியல."

பொய்யின்னு அவளுக்குத் தெரியும், எதுக்காகன்னும் தெரியும். என்னமோ கேக்க வாயெடுத்தா. அப்பப் பின்பக்கம் பேச்சியக்கா கொரலு, "பாண்டி! ஏத்தா பாண்டி! மருமகளுக்கு வலி கண்டுருச்சு, வழிய விடு!"ன்னு அலறிக்கிட்டே வருது. பாண்டீஸ்வரி எழுந்துட்டா. அடுப்பை அணைச்சா, வழியில கெடந்த குடத்தைக் காலால ஒதுக்குனா, முன்கதவை ரெண்டு பக்கமும் விரியத் தொறந்து வச்சுட்டு, "அண்ணே, போயிறாதீங்க, வந்து பேசுவோம்"னுட்டு அந்தப் பிள்ளையத் தாங்கிக்கிட்டு எதிர்ல போனா.

அவ திரும்பி வர்றதுக்குள்ள நான் செருப்பை மாட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியா வெளியேறிட்டேன்.